சிறையிலிருந்து வெளிவரும் இளையோர்க்கு அமெரிக்காவில் கிடைக்கும் அரசு நிதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"இளையோர்" என்று இங்கே யாரைக் குறிப்பிடுகிறோம்? அவர்களுக்கெனத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டிய காரணம் என்ன?

பெரும்பாலும் 18 முதல் 24 வயது வரை உள்ளவர்களையே குறிப்பிடுகிறோம். அமெரிக்காவில் பதினெட்டு வயது நிறைந்த அன்றே ஒருவர் குற்றவியல் சட்டத்தின் பார்வையில் முழுப் பெரியவராகிவிடுகிறார். சிறார் நீதிமன்றம் அவருக்கு அளித்துவந்த பள்ளி, ஆலோசகர், குடும்பத்தோடு பேசும் அலுவலர் ஆகிய அனைத்தும் அன்றோடு விலகிவிடுகின்றன. ஆனால் தன் செயலின் விளைவை முன்கூட்டி எடைபோடும் பக்குவம் இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருப்பதாக மூளை வளர்ச்சி குறித்த ஆய்வுகள் காட்டுகின்றன. இந்த இடைவெளியைச் சட்டம் இன்னும் சரியாகக் கவனத்தில் கொள்ளவில்லை. சிறார் நீதிமன்றத்தின் வரம்பைப் பதினெட்டு வயதுக்கு மேலும் நீட்டிய முதல் மாநிலம் வெர்மாண்ட். அதுவும் 2020 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது.

தனி ஒதுக்கீட்டுக்கான நேரடியான காரணம் புள்ளிவிவரத்தில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு 30 மாநிலங்களின் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களை மத்திய அரசின் நீதிப் புள்ளியியல் அலுவலகம் தொடர்ந்து கவனித்து, 2014இல் அறிக்கை வெளியிட்டது. ஐந்தாண்டுகளுக்குள் மறுபடி கைதானவர்கள் ஒட்டுமொத்தமாக 76.6 விழுக்காடு. விடுதலையின்போது 24 வயதோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 84.1 விழுக்காடு. நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் இந்த அளவு 70 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது. கைதானவர் எல்லாரும் குற்றம் செய்தவர் ஆகிவிட மாட்டார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

கவுண்டி சிறை, மாநிலச் சிறை என்ற வேறுபாடு பண விஷயத்தில் ஏன் முக்கியமாகிறது?

தமிழில் இரண்டையும் சிறை என்றே சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் அவை வெவ்வேறு நிர்வாகத்தின் கீழ், வெவ்வேறு வரவுசெலவுக் கணக்கில் இயங்குகின்றன. கவுண்டி என்பது மாநிலத்துக்குள் இருக்கும் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு; அதன் சிறை பெரும்பாலும் ஷெரிஃப் எனப்படும் காவல் தலைவரின் பொறுப்பில் இருப்பது. விசாரணைக்குக் காத்திருப்பவர்களும், பொதுவாக ஓராண்டுக்கு உட்பட்ட தண்டனை பெற்றவர்களும் அங்கே அடைக்கப்படுகிறார்கள். மாநிலச் சிறை அதைவிட நீண்ட தண்டனைக்கு உரியது.

மாநிலச் சிறையில் இருப்பவருக்கு விடுதலைத் தேதி பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். ஆறு மாதத்துக்கு முன்பே அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், பயிற்சியில் சேர்க்கலாம், தங்குமிடம் தேடலாம். கவுண்டி சிறையில் இருக்கும் இருபது வயதுப் பையனோ ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நீதிபதி சொன்ன ஒரு வார்த்தையில் இரவோடு இரவாக வெளியே அனுப்பப்படலாம். மறுவாழ்வுத் திட்டங்களின் அமைப்போ விடுதலைத் தேதி ஒன்று இருக்கும் என்ற அடிப்படையில் எழுந்தது. இதனால் எண்ணிக்கையில் மிகுதியானவர்கள் கடந்துபோகும் வாசலில்தான் திட்டங்கள் மெலிந்து நிற்கின்றன.

தண்டனை பெறாமலேயே பல மாதங்கள் காவலில் இருந்து, பின்னர் வழக்குத் தள்ளுபடியாகி வெளிவருபவரின் நிலை இன்னும் விசித்திரமானது. அவர் வேலையையும் வாடகை வீட்டையும் இழந்திருப்பார். ஆயினும் கடுங்குற்றத் தண்டனை (ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றத்துக்கானது) இருந்தால் மட்டுமே பொருந்தும் சலுகைகள், கீழே சொல்லப்படும் வரிச்சலுகை போன்றவை, அவருக்குப் பொருந்தா.

அரசுப் பணம் எந்தெந்த வழிகளில் வருகிறது?

ஒரே கருவூலத்திலிருந்து ஒரே குழாயில் வருவதில்லை என்பதுதான் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது. குறைந்தது நான்கு மத்திய அமைச்சகங்களும் மாநிலங்களும் தனித்தனி விதிகளோடும் தனித்தனி நிதியாண்டுக் கணக்கோடும் பணம் தருகின்றன.

நீதி அமைச்சகத்தின் வழி வருவது 'இரண்டாம் வாய்ப்புச் சட்டம்' எனப்படும் சட்டத்தின் கீழான மானியங்கள். ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 2008 ஏப்ரல் 9 அன்று அதில் கையெழுத்திட்டார். சிறைச் செலவு மாநிலங்களின் கழுத்தை நெரிக்கத் தொடங்கிய காலம் அது. இரு கட்சிகளும் சேர்ந்து நிறைவேற்றின. மாநில அரசுகள், உள்ளாட்சிகள், பழங்குடி அரசுகள், இலாப நோக்கற்ற அமைப்புகள் ஆகியவை இதன் கீழ் போட்டியிட்டு மானியம் பெறுகின்றன. 2018 டிசம்பரில் டிரம்ப் கையெழுத்திட்ட 'முதல் அடி' சட்டம் இதைப் புதுப்பித்தது.

இளையோரைப் பொறுத்தவரை, சிறையிலிருந்து சமூகத்துக்குத் திரும்புவோர்க்காகத் தொழிலாளர் அமைச்சகம் தரும் 'மறுநுழைவு வேலைவாய்ப்பு' நிதி கூடுதல் முக்கியத்துவம் உடையது. ஆண்டுதோறும் நாடாளுமன்றம் ஒதுக்கும் இந்தத் தொகை அண்மைய ஆண்டுகளில் ஏறத்தாழ பத்துக் கோடி டாலர் அளவில் இருந்துவந்திருக்கிறது. அதில் ஒரு பகுதியை, குற்றவழக்குப் பின்னணி உள்ள இளையோரையும் படிப்பை இடையில் நிறுத்திய இளையோரையும் வேலைக்குத் தயார்செய்யும் தேசிய, வட்டார இடைநிலை அமைப்புகளுக்குப் போட்டி மானியமாகக் கொடுக்க வேண்டும் என்றும், வறுமையும் குற்றமும் மிகுந்த பகுதிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் ஒதுக்கீட்டுச் சட்டங்களே வரையறுத்துவந்துள்ளன. "இடைநிலை அமைப்பு" என்பதன் பொருள் நடைமுறையில் என்ன என்பதைக் கீழே பார்க்கலாம்.

மூன்றாவது, பலர் கவனிக்காமல் விடுவது: 2014இன் தொழிலாளர் திறன் வாய்ப்புச் சட்டம். இது போட்டி மானியம் அன்று; மக்கள்தொகை, வேலையின்மை போன்றவற்றை வைத்த கணக்குப்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் தானாகப் போய்ச்சேரும் பணம். இளையோர் பங்கில் குறைந்தது 75 விழுக்காட்டைப் பள்ளிக்கு வெளியே இருக்கும் 16 முதல் 24 வயதினர்க்குச் செலவிட வேண்டும் என்றும், 20 விழுக்காட்டை நேரடி வேலை அனுபவத்துக்குச் செலவிட வேண்டும் என்றும் இச்சட்டம் சொல்கிறது. சிறார் நீதி அல்லது குற்றவியல் நீதி அமைப்போடு தொடர்பு ஏற்பட்டிருப்பதே இதற்கான தகுதிகளில் ஒன்று. சிறைவாசிகளுக்கென்று பெயர் பொறித்த நிதியைத் தேடி அலையும் குடும்பங்கள், தங்கள் ஊர் வேலைவாய்ப்பு மையத்தில் கிடக்கும் இந்தப் பணத்தைக் கேட்காமலே விட்டுவிடுகின்றன.

ஏழை மாணவரின் கல்லூரிப் படிப்புக்கு மத்திய அரசு தரும் பெல் நிதியுதவியும் மருத்துவத்துக்கான மெடிக்எய்டும் தனியே விளக்கத் தக்கவை; அவற்றைக் கீழே பார்க்கலாம். மாநிலங்களின் சொந்தப் பணத்தில் இரண்டு உதாரணங்கள் போதும். மாசசூசெட்ஸ் மாநிலம் 2011 முதல், வன்முறையில் சிக்கும் ஆபத்து மிகுந்த 17 முதல் 24 வயது இளைஞர்களுக்கென நகரவாரியாக நிதி தருகிறது. கலிஃபோர்னியாவில் 2014 நவம்பரில் வாக்காளர்கள் நிறைவேற்றிய 47ஆம் முன்மொழிவு சிறு குற்றங்களுக்கான தண்டனையைக் குறைத்தது. அதனால் சிறைச் செலவில் மிச்சமாகும் தொகையில் 65 விழுக்காடு மனநல, போதைமீட்புச் சிகிச்சைக்கும் மாற்றுவழித் திட்டங்களுக்குமான மானியமாகப் போகிறது. அடைத்துவைக்காததால் மிச்சமான பணத்தை வெளியே செலவிடுவது என்ற கணக்கு எளிமையானது. ஆனால் 2024 நவம்பரில் அதே வாக்காளர்கள் 36ஆம் முன்மொழிவின் மூலம் தண்டனைகள் சிலவற்றை மீண்டும் கடுமையாக்கினார்கள். அந்தத் தண்டனைகளால் சிறைச் செலவு ஏறினால், மானியத்துக்குரிய மிச்சம் அந்த அளவுக்குச் சுருங்கும்.

இந்தப் பணம் இளைஞரின் கைக்கு நேரடியாக வருமா?

மிகச் சிறிய அளவில் மட்டுமே. விடுதலைநாளில் சில மாநிலங்கள் கைச்செலவுக்குப் பணம் தருகின்றன. கலிஃபோர்னியாவின் மாநிலச் சிறைகள் தருவது 200 டாலர். 1973இல் நிர்ணயித்த தொகை இன்றும் அதுவேதான். கவுண்டி சிறையிலிருந்து வருபவருக்கு அந்த 200 டாலரும் கிடையாது.

மற்றபடி மானியம் முழுவதும் அமைப்புகளுக்குப் போய், சேவையாக மாறித்தான் இளைஞரை அடைகிறது: பயிற்சிக் கட்டணம், வழிகாட்டும் அலுவலரின் சம்பளம், பேருந்து அட்டை, கட்டட வேலைக்கு வேண்டிய காலணி, வெல்டிங் கண்ணாடி, குழந்தை காப்பகக் கட்டணம், பயிற்சிக் காலத்துக்கான ஊக்கத்தொகை. வெளியே வந்த முதல் வாரத்தில் அவருக்கு வேண்டியது படுக்க ஓர் இடமும் பேசுவதற்கு ஒரு கைப்பேசியும்தான் என்றாலும், மானிய விதிகள் மிகத் தாராளமாக அனுமதிப்பது சான்றிதழ்ப் பயிற்சியை. நிதியை வகுப்பவர்கள் அந்த முதல் வாரத்தை ஒருமுறையாவது பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால் செலவுத் தலைப்புகளின் வரிசை வேறாக இருந்திருக்கும் என்பது இப்பக்கத்தை எழுதுபவரின் கருத்து.

சிறைக்குள் இருக்கும்போதே உதவி தொடங்க முடியுமா?

முடியும், அண்மைக் காலத்தில் மிகுதியாக மாறியிருப்பதும் இந்தப் பகுதிதான்.

மருத்துவத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிக்எய்ட், 1965இல் பிறந்தபோதே சிறையில் இருப்பவரின் சிகிச்சைக்குப் பணம் தராது என்று விதிக்கப்பட்டது. உள்ளே போனவரின் காப்பீட்டைப் பல மாநிலங்கள் அடியோடு நீக்கிவந்தன. வெளியே வந்தவர் புதிதாக விண்ணப்பித்துக் காத்திருந்த வாரங்களில் மாத்திரை தீர்ந்துபோனது. 2023 ஜனவரியில் கலிஃபோர்னியாவுக்கு முதன்முதலாக விலக்கு கிடைத்தது: விடுதலைக்கு முந்தைய 90 நாள்களில் குறிப்பிட்ட சில சேவைகளுக்கு மெடிக்எய்ட் பணம் தரலாம். அதைவிட இளையோருக்கு நேரடியாகப் பயன்படுவது 2025 ஜனவரி 1 முதல் எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டிய விதி. தண்டனை அல்லது தீர்ப்பு முடிந்த நிலையில் உள்ளே இருக்கும் 21 வயதுக்குட்பட்ட மெடிக்எய்ட் தகுதியுடையவர்களுக்கும், வளர்ப்பு இல்லத்தில் இருந்து வளர்ந்த 26 வயதுக்குட்பட்டவர்களுக்கும், விடுதலைக்கு முந்தைய 30 நாள்களில் மருத்துவப் பரிசோதனையும், வெளியே உள்ள மருத்துவரோடும் சேவைகளோடும் இணைக்கும் ஒருங்கிணைப்புப் பணியும் வழங்கப்பட வேண்டும். அந்த ஒருங்கிணைப்பு விடுதலைக்குப் பின்னும் குறைந்தது 30 நாள் தொடர வேண்டும். இவ்விதி கவுண்டி சிறைகளுக்கும் உரியது. விசாரணைக் காவலில் இருப்பவர்களுக்கு மட்டும் அது மாநிலத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது.

கல்வியில், 1994ஆம் ஆண்டின் குற்றத்தடுப்புச் சட்டம் மத்திய, மாநிலச் சிறைகளில் இருந்தவர்களுக்குப் பெல் நிதியுதவியைத் தடைசெய்தது. கல்லூரிகள் ஒவ்வொன்றாகச் சிறை வகுப்புகளை மூடின. 2015இல் ஒபாமா அரசு சோதனை முயற்சியாக மறுபடி கதவைத் திறந்தது. 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் தடையை முற்றிலும் நீக்க, 2023 ஜூலை 1 முதல் அங்கீகாரம் பெற்ற சிறைக் கல்வித் திட்டங்களில் சேர்பவர்கள் பெல் பெறலாம் என்றானது. 2025–26 கல்வியாண்டில் அதன் உச்சத்தொகை 7,395 டாலர். போதைப்பொருள் வழக்கில் தண்டனை உண்டா என்று விண்ணப்பத்தில் கேட்டுத் தகுதியிழக்கச் செய்துவந்த விதியையும் அதே சட்டம் ஒழித்தது. இலாப நோக்குடைய கல்லூரிகள் இந்தச் சிறைக் கல்வித் திட்டங்களை நடத்த முடியாது, அது நல்லதற்கே.

வேலைவாய்ப்பில், தொழிலாளர் அமைச்சகம் 2020 முதல் நடத்திய ஒரு மானிய வரிசை, சிறைக்குள்ளேயே வேலைவாய்ப்புச் சேவையைத் தொடங்கி, உள்ளே பார்த்த அதே அலுவலரே வெளியேயும் தொடர வேண்டும் என்று விதித்தது. சிறிய விதிதான். ஆனால் தன் கதையை எட்டாவது முறையாகப் புது ஆளிடம் சொல்ல வேண்டிய சலிப்பில் விலகிப் போகும் பையன்களைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

வேலை கொடுக்கும் முதலாளிக்கு அரசு ஏதாவது தருகிறதா?

இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. வேலைவாய்ப்பு வரிச்சலுகையின்படி, கடுங்குற்றத் தண்டனை பெற்று அல்லது அதற்கான சிறையிலிருந்து விடுதலையாகி ஓராண்டுக்குள் ஒருவரை வேலைக்கு எடுத்து, அவர் 400 மணி நேரமாவது வேலைபார்த்தால், முதல் 6,000 டாலர் சம்பளத்தில் 40 விழுக்காட்டை, அதாவது 2,400 டாலர் வரை, முதலாளி வரியில் கழித்துக்கொள்ளலாம். உரிய படிவத்தை வேலைக்குச் சேர்ந்த 28 நாள்களுக்குள் அனுப்ப வேண்டும். சிறு கடைக்காரர்கள் தவறவிடுவது இந்தக் கெடுவைத்தான். இந்தச் சலுகை நிரந்தரமானதன்று. 2025 டிசம்பர் 31 வரை வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கே சட்டம் இடமளித்திருந்ததால், அதற்குப் பின் சேர்பவருக்குப் பொருந்துமா என்பதை நடப்புச் சட்டத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மற்றது 1966 முதல் நடக்கும் மத்திய அரசின் பிணைப் பத்திரம். புதிதாகச் சேர்ந்தவர் திருடினாலோ மோசடி செய்தாலோ 5,000 முதல் 25,000 டாலர் வரை இழப்பீடு தருவதாக முதல் ஆறு மாதங்களுக்கு இலவசமாகப் பிணை கொடுக்கப்படும். முதலாளிக்கும் செலவில்லை, வேலைக்காரருக்கும் செலவில்லை.

தங்குமிடத்துக்குப் பணம் உண்டா?

எல்லாத் திட்டங்களிலும் நலிந்த பகுதி இது. அரசுக் குடியிருப்பில் குற்றப்பின்னணி உள்ள எவருக்கும் இடமில்லை என்ற பரவலான நம்பிக்கை தவறு. மத்திய விதிப்படி கட்டாயமாகவும் நிரந்தரமாகவும் மறுக்கப்படுபவர்கள் இரு வகையினர்தாம்: பாலியல் குற்றவாளிகளின் வாழ்நாள் பதிவேட்டில் இருப்பவர்கள், அரசு உதவிபெறும் குடியிருப்பில் மெத்தாம்ஃபெட்டமைன் தயாரித்ததற்காகத் தண்டனை பெற்றவர்கள். மற்றவை பெரும்பாலும் உள்ளூர் வீட்டுவசதி ஆணையத்தின் முடிவுக்கு உரியவை. ஆனால் அந்த ஆணையங்கள் பல விதியைவிடக் கடுமையாகவே நடந்துகொள்கின்றன. தாயின் வீட்டுக்குத் திரும்பும் மகனால் தாயின் குடியிருப்பே பறிபோகும் என்ற அச்சம் வெறும் கற்பனையன்று.

வீடற்றோர் உதவியில் ஒரு தொண்ணூறு நாள் கணக்கு ஒளிந்திருக்கிறது. தெருவிலோ அவசரத் தங்குமிடத்திலோ இருந்தவர் சிறைக்குப் போய் 90 நாள் அல்லது அதற்குள் வெளிவந்தால், அவர் இன்னும் வீடற்றவராகவே கருதப்படுகிறார். 91ஆம் நாள் வந்தால் அந்த விதியின் பாதுகாப்பு போய்விடுகிறது. அவருக்கு இடையில் யாரும் வீடு கட்டிக்கொடுத்துவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஓர் உள்ளூர் அமைப்பு இந்த மானியத்தைப் பெற என்ன செய்ய வேண்டும்?

மத்திய அரசின் நிதி அறிவிப்பு வெளிவந்த பின்னர் விண்ணப்பிக்க வழக்கமாகச் சில வாரங்களே கிடைக்கும். அதற்கு முன்பே மத்திய அரசின் ஒப்பந்ததாரர் பதிவகத்தில் இலவசமாகப் பதிந்து அடையாள எண் பெற்றிருக்க வேண்டும்; அறிவிப்பு வந்த பின் பதியத் தொடங்கும் அமைப்புகள் பெரும்பாலும் காலக்கெடுவைக் கோட்டைவிடுகின்றன.

பணம் பல மானியங்களில் செலவு செய்த பிறகே திரும்பக் கிடைக்கிறது. இரண்டு மூன்று மாதச் சம்பளத்தைக் கையிலிருந்து கொடுக்க இயலாத சிறு அமைப்பு, அதாவது அந்தத் தெருவையும் அந்தப் பையனின் அத்தையையும் பெயர்சொல்லி அறிந்திருக்கும் அமைப்பு, இதனாலேயே விலகிக்கொள்கிறது. இந்த இடத்தில்தான் இடைநிலை அமைப்பு வருகிறது: பெரிய தேசிய நிறுவனம் ஒன்று மானியத்தை வாங்கி, பல நகரங்களில் உள்ள உள்ளூர் அமைப்புகளுக்குத் துணைமானியமாகப் பிரித்துக் கொடுத்து, கணக்கு வழக்கைத் தானே பார்த்துக்கொள்கிறது. இதில் வசதி உண்டு, விலையும் உண்டு. பெரிய நிறுவனத்தின் நிர்வாகச் செலவு மேலே கழிக்கப்பட்டு மீதியே கீழே வருகிறது. திட்டத்தின் வடிவத்தை முடிவுசெய்வதும் பெரும்பாலும் மேலிருப்பவர்களே.

சிறு அமைப்புகளுக்குச் சாதகமாக 2024 அக்டோபரில் இரு மாற்றங்கள் வந்தன. அரசோடு தனி விகிதம் பேசி முடிக்காத அமைப்பும் கோரக்கூடிய மறைமுகச் செலவு (அலுவலக வாடகை, கணக்கர் சம்பளம் போன்றவை) 10 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாக உயர்ந்தது. ஆண்டுக்கு ஏழரை லட்சம் டாலர் மத்தியப் பணம் செலவிட்டாலே கட்டாயமாக இருந்த சிறப்புத் தணிக்கை, பத்து லட்சம் டாலரை எட்டினால்தான் என்று தளர்ந்தது.

இத்திட்டங்களால் உண்மையில் பயன் இருக்கிறதா?

சிலவற்றால் உண்டு, சிலவற்றால் இல்லை. குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்துச் செய்த ஆய்வுகள் தரும் பாடம், திட்டத்தை விற்பவர்கள் சொல்வதைவிடச் சிக்கலானது.

நியூயார்க்கின் வேலைவாய்ப்பு மையம் ஒன்று, நீதித்துறை ஆய்வு அமைப்பான வேரா நீதி நிறுவனத்தின் திட்டமாகப் பிறந்து 1996இல் தனி அமைப்பானது. சிறையிலிருந்து வந்தவரை ஓரிரு வாரங்களுக்குள் அரசுக் கட்டடங்களைத் துப்புரவு செய்யும் குழுவில் சேர்த்து, அன்றன்றைய கூலியை அன்றன்றே கொடுப்பது அதன் முறை. எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் ஏறத்தாழ ஆயிரம் பேரை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்து 2012இல் முடிவை வெளியிட்டது. தற்காலிக வேலை இருந்தவரை வேலைபார்ப்போர் எண்ணிக்கை பெரிதும் உயர்ந்தது. ஓராண்டுக்குள் அந்த வேறுபாடு கரைந்துவிட்டது. நிலையான வேலை என்ற நோக்கில் பார்த்தால் தோல்வி. ஆனால் மறுபடி தண்டனை பெறுவதும் சிறைக்குத் திரும்புவதும் குறைந்திருந்தன. அதுவும் விடுதலையாகி மூன்று மாதங்களுக்குள் சேர்ந்தவர்களிடமே அந்தப் பயன் தெளிவாகத் தெரிந்தது. தாமதமாக வந்தவர்களிடம் அத்தகைய பயன் காணப்படவில்லை. தொடக்க வாரங்களில் கையில் கூலி இருப்பது தன்னளவிலேயே ஒரு பாதுகாப்பு என்று இதற்குப் பொருள்கொள்ளலாம்.

அடுத்தது ரைக்கர்ஸ் தீவுச் சிறை. 2012இல் நியூயார்க் நகரம், அமெரிக்காவின் முதல் 'சமூக விளைவுப் பத்திரம்' என்ற ஏற்பாட்டை அங்கே தொடங்கியது. கோல்ட்மேன் சாக்ஸ் வங்கி 96 லட்சம் டாலர் வரை கடன் தருவதாக ஒப்புக்கொண்டது. அந்தப் பணத்தில் 16 முதல் 18 வயதுப் பையன்களுக்குச் சிந்தனைமுறைப் பயிற்சி தரப்படும். மீள்சிறை குறைந்தது 10 விழுக்காடு குறைந்தால் நகரம் கடனை அடைக்கும், குறையாவிட்டால் நகரம் எதுவும் தர வேண்டியதில்லை. பதினாறு வயதினரைப் பெரியவர்களாகக் கருதி அந்தத் தீவில் அடைப்பது நியூயார்க்கில் அன்று வழக்கமாக இருந்தது. 2015இல் வேரா நிறுவனத்தின் மதிப்பீடு எந்தக் குறைவும் இல்லை என்றது. திட்டம் நிறுத்தப்பட்டது. புளூம்பெர்க் அறக்கட்டளையின் உத்தரவாதத்தால் இழப்பின் பெரும்பகுதி ஈடுசெய்யப்பட, வங்கிக்கு ஏறத்தாழ 12 லட்சம் டாலர் நட்டம். வரிப்பணம் மிச்சமானதைச் சிலர் வெற்றி என்றார்கள். வன்முறை நிறைந்த ஒரு சிறைக்குள்ளேயே வைத்து நல்ல முடிவெடுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, வெளியே வேலையோ வீடோ தராமல் அனுப்பியதில் என்ன எதிர்பார்த்தார்கள் என்பதை அவர்கள் அதிகம் பேசவில்லை.

மாசசூசெட்ஸ் 2014 ஜனவரியில் இதே வகை ஒப்பந்தத்தை வேறு விதமாகச் செய்தது. செல்சி நகரில் 1988இல் தோன்றிய ரோகா என்ற அமைப்பு, நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கும் அல்லது சிறார் அமைப்பிலிருந்து வெளியேறும் 17 முதல் 23 வயதுள்ள 929 இளைஞர்களோடு வேலைசெய்ய வேண்டும். வெற்றிக்கு ஏற்ப மாநிலம் 2.7 கோடி டாலர் வரை தரும். மத்தியத் தொழிலாளர் அமைச்சகமும் ஏறத்தாழ 1.17 கோடி டாலர் அளித்தது. ரோகாவின் முறை நான்காண்டு நீள்வது. வர மறுப்பவனின் வீட்டுக் கதவைத் திரும்பத் திரும்பத் தட்டுவது அதன் முதல் கட்டம். இளைஞர் மறுபடி தவறுவார், வேலையை விட்டுவிடுவார் என்பதை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துத்தான் அவர்கள் திட்டமிடுகிறார்கள்.

வெற்றியை எந்த அளவுகோலால் அளக்கிறார்கள்?

வேலைவாய்ப்பு நிதியில் அளவுகோல்கள் சட்டத்திலேயே உள்ளன: திட்டத்தை விட்டு வெளியேறிய பின் இரண்டாம் காலாண்டிலும் நான்காம் காலாண்டிலும் வேலையிலோ படிப்பிலோ இருக்கிறாரா, இரண்டாம் காலாண்டின் இடைநிலை வருமானம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவருடையது) எவ்வளவு, சான்றிதழ் பெற்றாரா, இடையே திறன் வளர்ந்ததா என்பவை. நீதித் திட்டங்களில் மீள்குற்றம் கணக்கிடப்படுகிறது. ஆனால் மீள்குற்றம் என்பது ஓரிடத்தில் மறுகைது, ஓரிடத்தில் மறுதண்டனை, ஓரிடத்தில் மறுசிறை. பரோல் அலுவலரைச் சந்திக்கத் தவறியதற்காகத் திரும்ப அடைக்கப்பட்டவரும் சில கணக்குகளில் தோல்வியாகவே எழுதப்படுகிறார்.

எண்ணிக்கைக்குப் பணம் என்று வந்துவிட்டால் எளிதில் வெற்றிபெறக் கூடியவரைத் தேர்ந்து சேர்க்கும் பழக்கமும் வந்துவிடும். மூன்று முறை உள்ளே போய்வந்த, பள்ளியை முடிக்காத இருபது வயது இளைஞரைச் சேர்க்கும் அமைப்பின் அறிக்கை, முதல் தவறோடு நின்றவரைச் சேர்க்கும் அமைப்பின் அறிக்கையைவிட எப்போதும் மோசமாகவே தோன்றும்.

படைப்பதிவு செய்யாததால் உதவி மறுக்கப்படும் என்கிறார்களே?

தொழிலாளர் திறன் வாய்ப்புச் சட்டத்தின் உதவிக்கு இது உண்மை. ஆண்கள் 18 வயதில் தேர்வுப் படைச்சேவைப் பதிவேட்டில், அதாவது தேவைப்பட்டால் கட்டாயப் படைச்சேவைக்கு அழைப்பதற்கான பட்டியலில், பெயர் பதிந்திருக்க வேண்டும். சிறையில் இருக்கும் காலத்தில் அந்தக் கடமை இல்லை, வெளிவந்த 30 நாள்களுக்குள் பதிய வேண்டும், 26 வயதைக் கடந்தால் பதிய முடியாது. பெல் நிதியுதவிக்கு இந்த நிபந்தனை இப்போது நீக்கப்பட்டுவிட்டது.

அமெரிக்கக் குடியுரிமை இல்லாத இளைஞருக்கு இவை பொருந்துமா?

பச்சை அட்டை உள்ளவர்களும், அகதிகளும், வேலைசெய்ய அனுமதி பெற்றவர்களும் மேற்சொன்ன வேலைவாய்ப்புத் திட்டங்களில் சேரலாம். ஆனால் அவர்களுக்கு முதல் கேள்வி மறுவாழ்வு அன்று, நாடுகடத்தல். குடியேற்றச் சட்டம் 'கடுமையான குற்றம்' என்று வகைப்படுத்தும் பட்டியல் பெயருக்கேற்ற கடுமை இல்லாத சிலவற்றையும் உள்ளடக்கியது; ஓராண்டுத் தண்டனை விதிக்கப்பட்ட திருட்டு வழக்கும் அதில் அடங்கலாம். அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பிள்ளையின் வழக்கு விரைவில் முடிந்தால் போதும் என்று குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்வதற்கு முன், குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞரைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

நிதி திடீரென நின்றுபோகுமா?

போகும். ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் நீதி அமைச்சகம், ஏற்கெனவே வழங்கி நடந்துகொண்டிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட மானியங்களை இடைநடுவில் நிறுத்தியது. வன்முறைத் தடுப்பு, பாதிக்கப்பட்டோர் உதவி, மறுவாழ்வு என்று பலதுறை அமைப்புகள் அதில் அகப்பட்டன. அமைப்பு ஒன்று நிதியின்றி ஊழியர்களை அனுப்பிவிட்டால், இளைஞருக்குப் பழகிய முகம் போய்விடுகிறது. அடுத்த ஆண்டு பணம் திரும்பி வந்தாலும் அந்த முகம் வேறு வேலைக்குப் போயிருக்கும்.

விடுதலைக்குக் காத்திருக்கும் ஒருவரின் குடும்பம் இப்போதே என்ன செய்யலாம்?

பிறப்புச் சான்றிதழ், சமூகப் பாதுகாப்பு அட்டை, மாநில அடையாள அட்டை ஆகிய மூன்றையும் வெளியே இருந்தபடியே தேடி எடுத்து வையுங்கள். இவை இல்லாமல் மேலே சொன்ன திட்டங்கள் பலவற்றில் பெயர் ஏறுவது கடினம். மெடிக்எய்ட் நீக்கப்பட்டதா, இடைநிறுத்தப்பட்டதா என்று மாநில அலுவலகத்தில் கேளுங்கள். நாடெங்கும் ஏறத்தாழ 2,300 அமெரிக்க வேலைவாய்ப்பு மையங்கள் உள்ளன. உங்கள் ஊர் மையத்துக்குப் போய், "24 வயதுக்குட்பட்டோருக்கான இளையோர் நிதியில் சேர்க்க வேண்டும், குற்றவியல் நீதி அமைப்போடு தொடர்புடையவர்" என்று அந்தச் சொற்களிலேயே கேளுங்கள். பொதுவாக வேலை வேண்டும் என்று கேட்டால் கணினி முன் உட்காரவைத்துவிடுவார்கள். தங்குமிடம், உணவு, ஆடைக்கு 211 என்ற எண்ணை அழைத்தால் உள்ளூர் உதவிகளைச் சொல்வார்கள். விடுதலையான நாளிலேயே அவரை அழைத்துவர யார் போவது, எந்த வண்டியில் போவது என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். கவுண்டி சிறைகள் நள்ளிரவிலும் கதவைத் திறந்து விடுவதுண்டு.